சாதிப் பெயர் இல்லாத சாதிச் சொற்கள்: வீட்டுமனை அரசியலின் மறைமொழி

2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ‘காலனி’ என்னும் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்பதே அதன் சாரம். தலித் இயக்கங்கள் நெடுங்காலமாக எழுப்பிவந்த கோரிக்கை அது, வரவேற்கத்தக்கது.

அந்த அறிவிப்பில் பலரும் கவனிக்கத் தவறிய ஓர் ஒப்புதல் அடங்கியிருக்கிறது. ‘காலனி’ என்பது சாதிப் பெயர் அன்று. சென்னையில் ‘டிஃபன்ஸ் காலனி’, ‘ஆபிசர்ஸ் காலனி’ என்று முகவரி எழுதுகிறவர் அதைப் பெருமையோடுதான் எழுதுகிறார். அதே சொல் கும்மிடிப்பூண்டி வட்டத்தின் ஒரு கிராமத்தில், “எந்தப் பக்கம், ஊரா காலனியா?” என்ற கேள்வியில் வரும்போது, கேட்கப்படுவது முகவரி அன்று, சாதி. சாதிப் பெயரை உச்சரிக்காமலே தீண்டாமையைச் சுமக்க ஒரு சொல்லால் இயலும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அப்படியெனில், நிலம், வீடு, மனை குறித்த விவாதங்களில் புழங்கும் மற்றச் சொற்களை என்ன செய்வது? ‘தரிசு’, ‘ஆட்சேபணை’, ‘ஆக்கிரமிப்பு’, ‘சட்டம் ஒழுங்கு’, ‘சுற்றுச்சுவர்’, ‘சைவ உணவினருக்கு மட்டும்’. இவற்றில் எதிலும் சாதி இல்லை. ஆனால் இவை யார்மீது விழுகின்றன, யார்மீது விழுவதில்லை என்று பார்த்தால் சாதியின் கோடு தெளிவாகத் தெரிகிறது. திருவள்ளூர் மாவட்டத்தையும் அதன் தொழிற்பகுதியையும் முன்வைத்து இச்சொற்களை வாசிக்கக் கற்பதும், அந்த வாசிப்பை நீதிமன்றத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

மறைமொழி எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்கப் புறநகர்களின் வரலாறு இதற்கு நல்ல பாடம். எந்தத் தெருவில் எந்த இனத்தவர் குடியிருக்கலாம் என்று நகராட்சிகளே சட்டமியற்றிய காலம் அங்கே இருந்தது. 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. அதன்பின் இனத்தின் பெயர் விதிகளிலிருந்து மறைந்தது, விதிகள் மறையவில்லை. ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு’, ‘மனையின் குறைந்தபட்ச அளவு’ என்னும் நிபந்தனைகள் அவ்விடத்தை நிரப்பின. 1926இல் கிளீவ்லேண்ட் நகரின் புறநகரான யூக்ளிட் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் இத்தகைய மண்டல விதிகளை ஏற்றுக்கொண்டது. தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்று வருணித்தது. அங்கு யார் குடியிருப்பார்கள் என்று தீர்ப்பு சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

2020 ஜூலையில் அதிபர் டொனால்டு டிரம்ப், புறநகரில் வாழ்வோர் தங்கள் அருகில் குறைந்த வருவாயினருக்கான வீடுகள் வந்துவிடுமோ என்று இனிக் கவலைப்பட வேண்டியதில்லை என அறிவித்தார். வீட்டுவசதியில் பாகுபாட்டைக் களைய 2015இல் கொண்டுவரப்பட்ட விதியை அவருடைய அரசு அப்போது விலக்கிக்கொண்டது. அவர் சொன்னது வருமானத்தைப் பற்றி. கேட்டவர்களுக்குப் புரிந்தது நிறத்தைப் பற்றி.

மறைமொழியின் வலிமை இதுதான். பேசுகிறவருக்கு மறுக்க வழி இருக்கிறது. கேட்கிறவருக்குப் புரிய வழி இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் நிரூபிக்க வழி இல்லை. நம் மண்ணில் இம்மொழி அமெரிக்கப் புறநகரைவிடப் பழையது.

‘தரிசு’: செங்கல்பட்டிலிருந்து தேர்வாய்கண்டிகை வரை

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிக்கப்படும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அந்தச் செங்கல்பட்டில்தான், 1891இல் ஆட்சியர் பொறுப்பிலிருந்த ஜே.எச்.ஏ.டிரெமென்ஹீர், பறையர் சமூகத்தின் நிலையைப் பற்றிய தம் புகழ்பெற்ற குறிப்புகளை அரசுக்கு அனுப்பினார். பஞ்சமி நில வழங்கலுக்கு வழிவகுத்த 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணை அதிலிருந்தே பிறந்தது.

அவர் விவரித்த நிலைமையில் இரண்டு செய்திகள் இங்கே நமக்கு முக்கியமானவை. முதலாவது, சேரியின் குடியிருப்பு நிலம்கூட மிராசுதாரர்களின் பிடியில் இருந்தது. ஆகவே நிலம் கேட்டு மனுப்போட்டவரை அவருடைய குடிசையிலிருந்தே வெளியேற்றுவதாக மிரட்ட முடிந்தது. இரண்டாவது, சாகுபடி செய்யப்படாத தரிசு நிலத்தைக் கேட்டு ஒரு தலித் விண்ணப்பித்தால், அந்நிலத்தைப் பெறுவதில் மிராசுதாரருக்கே முன்னுரிமை இருந்தது. அதாவது நிலம் தரிசாகக் கிடக்கலாம். ஆனால் உழைப்பவர் கேட்டவுடன் அது ‘ஊரின் பொது உரிமை’ ஆகிவிடும். தலித்துகள் நிலம் பெறக்கூடாது என்று எவரும் எழுத வேண்டியதில்லை. ‘வழக்கம்’, ‘முன்னுரிமை’, ‘விவசாயத்தின் நலன்’ என்று எழுதினால் போதும்.

நூறாண்டுகளுக்கும் மேல் கடந்து, அதே மாவட்டத்தின் வடகோடியில், அச்சொல் எதிர்த்திசையில் திரும்பியது. கும்மிடிப்பூண்டி வட்டத்தின் தேர்வாய்கண்டிகை பெரும்பான்மையாகத் தலித்துகள் வாழும் கிராமம். ஊரையொட்டிய மேய்ச்சல் நிலமும் காடும் அம்மக்களின் ஆடுமாடுகளுக்குத் தீவனமாகவும் வீட்டுக்கு விறகாகவும் ஏரிகளுக்கு நீர்வரத்தாகவும் இருந்தன. சுமார் 1,127 ஏக்கர் பரப்பு சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. 2009 நவம்பரில் பிரான்சின் மிச்செலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. மக்கள் போராடினர், கைதாயினர். 2012 ஜூலையில் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளும் இணைந்து, பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளின்கீழ் பிரான்சிலேயே புகார் அளித்தன. அந்த நடைமுறையில் நம்பிக்கை இழந்து 2013இல் புகார்தாரர்கள் விலகிக்கொண்டனர்.

அந்த விவாதம் முழுவதிலும் நிலத்தைக் குறிக்கப் பயன்பட்ட சொற்களைக் கவனியுங்கள்: ‘புறம்போக்கு’, ‘தரிசு’, ‘பயன்படாத அரசு நிலம்’. 1891இல் தலித் கேட்டபோது தரிசு நிலத்துக்கு உரிமையாளர் இருந்தார். 2009இல் நிறுவனம் கேட்டபோது தலித்துகள் பயன்படுத்திவந்த நிலத்துக்கு உரிமையாளர் இல்லாமல் போனார். நிலத்தின் வகைப்பாட்டைத் தீர்மானித்தது கேட்டவரின் தகுதி.

தொழில் வரக்கூடாது என்பது இங்கே வாதம் இல்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை பல தலித் குடும்பங்களுக்குப் பண்ணையடிமைத்தனத்திலிருந்து விலகும் வழியைக் காட்டியது என்பதும் உண்மை. கேள்வி ஒன்றுதான்: ஒரு நிலத்தை எவரும் பயன்படுத்தவில்லை என்று பதிவு செய்யும்போது, அந்த ‘எவரும்’ என்னும் சொல்லில் யார் சேர்க்கப்படவில்லை?

‘ஆட்சேபணை’: மூன்று சென்ட் மனைக்கு எதிரான மனுக்கள்

தலித் குடும்பங்களுக்கு வீட்டுமனை வழங்குவதற்கென்றே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் 1978ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் அது. ஆனந்தி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை உறுதி செய்தது. இழப்பீட்டைத் தவணைகளில் தரலாம் என்ற பகுதியை மட்டும் ஏற்கவில்லை.

இச்சட்டப்படி நில உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். அவருடைய ஆட்சேபணை விசாரிக்கப்பட வேண்டும். சொத்துரிமையைப் பாதுகாக்க அது தேவையான நடைமுறைதான். ஆனால் மனையைப் பெறப்போகிற குடும்பங்களின் குரலையும் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் அந்நடைமுறையில் இல்லை. விசாரணைக் கோப்பில் ஒரு தரப்பின் மொழி மட்டுமே பதிவாகிறது. அம்மொழி பெரும்பாலும் இவ்வாறு அமைகிறது:

“நன்செய் நிலம் அழிந்து விவசாயம் பாதிக்கப்படும்.” இதே சாலையில் நன்செய் நிலம் மனைப்பிரிவாக மாறிக் கொடி கட்டி விற்கப்படும்போது இந்தக் கவலை எங்கே இருந்தது?

“அருகில் கோயில் இருக்கிறது, திருவிழாக் காலத்தில் இடையூறு நேரும்.” கோயிலுக்கு அருகில் வேறு எவரும் குடியிருக்கவில்லையா?

“இருதரப்புக்கும் இடையே சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழும்.” எழுப்பப்போவது யார்? அச்சுறுத்துகிறவரே தம் அச்சுறுத்தலை ஒரு காரணமாக எழுதித் தருகிறார். அதிகாரி அதைக் கோப்பில் சேர்க்கிறார்.

“இம்மக்களுக்கு ஏற்கனவே வேறு பகுதியில் இடம் உள்ளது.” இதன் பொருள், காலனிக்குப் பக்கத்திலேயே காலனி விரியட்டும் என்பது.

எந்த வாக்கியத்திலும் சாதி இல்லை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் நியாயமான நிர்வாகக் கவலையாகவே தோன்றும். ஒரே வட்டத்தில் தனியார் மனைப்பிரிவுகளுக்கு வராத கவலை தலித் மனைகளுக்கு மட்டும் வருவதை ஒப்பிட்டால்தான் அதன் உட்பொருள் வெளிப்படும். இந்த ஒப்பீட்டைச் செய்யும் பொறுப்பு விசாரணை அதிகாரிக்கு இருக்கிறது. அதை அவர் செய்யாதபோது நாம் செய்து கோப்பில் சேர்க்க வேண்டும்.

‘ஆக்கிரமிப்பு’: யார் செய்தால் குற்றம்?

1971இல் தமிழ்நாடு சட்டப்பேரவை இரண்டு சட்டங்களை இயற்றியது. கிராமத்தில் பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த இடத்தையே உரிமையாக்கியது குடியிருப்பு அனுபவதாரர் சட்டம். நகரத்தில் வாழ்ந்த ஏழைகளுக்கு வந்தது குடிசைப்பகுதி சட்டம். முதல் சட்டம் அவர்களைக் குடியிருப்போராகப் பார்த்தது. இரண்டாவது சட்டம், ஒரு பகுதி அங்கு வாழ்வோருக்கு மட்டுமின்றி அதன் ‘அக்கம்பக்கத்தாரின்’ உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் வசதிக்கும் ஆபத்தாக இருக்கிறதா என்று கேட்டது. அக்கம்பக்கத்தார் யார் என்பது சொல்லாமலே விளங்கும்.

எனினும் அச்சட்டத்துக்கு ஒரு நல்ல முகமும் உண்டு. அறிவிக்கை செய்யப்பட்ட குடிசைப்பகுதியை இருந்த இடத்திலேயே மேம்படுத்த அது வழி செய்தது. முன்னனுமதியின்றி வெளியேற்றுவதைத் தடுத்தது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கை செய்யப்பட்டன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. புதிய குடியிருப்புகள் ‘குடிசைப்பகுதி’ என்னும் சட்டப் பாதுகாப்பைப் பெறாமல், ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்பு’ என்னும் பெயரை மட்டும் பெற்றன. 2021இல் குடிசை மாற்று வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. பெயர் உயர்ந்தது, வெளியேற்றம் நிற்கவில்லை.

நீதிமன்றங்களின் மொழியும் இதே வழியில் மாறியது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், நடைபாதையில் குடியிருப்போர் விரும்பி அங்கே வரவில்லை, வாழ்க்கை நெருக்கடியே அவர்களை அங்கே தள்ளியது என்றது உச்ச நீதிமன்றம். 2000இல் அல்மித்ரா படேல் வழக்கில், ஆக்கிரமிப்பாளருக்கு மாற்று இடம் தருவது பிக்பாக்கெட்டுக்குப் பரிசு தருவது போன்றது என்றது. பதினைந்து ஆண்டுகளில் கதியற்றவர் திருடராகிவிட்டார்.

நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் சென்னையின் தியாகராய நகர் மாம்பலம் ஏரியின்மேல் உருவானது. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரியின்மேல் நிற்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் படிந்திருக்கிறது. இவற்றில் எதையும் அன்றாடப் பேச்சில் நாம் ‘ஆக்கிரமிப்பு’ என்பதில்லை. முதலாவது நகர வளர்ச்சி, இரண்டாவது பண்பாட்டுச் சின்னம், மூன்றாவது தொழில் வளர்ச்சி. கூவத்தின் கரையில் தகரக் கூரை போட்டவர் மட்டுமே ஆக்கிரமிப்பாளர்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இம்மறைமொழி முழு வேகம் பெற்றது. வெள்ளத்தில் அனைத்தையும் இழந்தவர்களே வெள்ளத்தின் காரணமாகச் சித்தரிக்கப்பட்டனர். நதி மீட்பின் பெயரால் அவர்கள் பெரும்பாக்கத்துக்கும், திருவள்ளூர் பக்கம் அத்திப்பட்டு, கூடப்பாக்கம் போன்ற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். இவற்றில் பெரும்பாக்கமும் அதற்கு முன்பே உருவான செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையொட்டிய தாழ்வான பகுதிகள். மழைதோறும் அங்கே நீர் தேங்குகிறது. நீரோரம் வாழ்வது ஆபத்து என்று சொல்லி வெளியேற்றிய அரசே மீண்டும் நீருக்குள் குடிவைத்தது.

இடம்பெயர்த்த பிறகும் சொல் அவர்களைத் துரத்துகிறது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை மறுக்கப்படுவதும், கடன் மறுக்கப்படுவதும், காவல்துறையின் சந்தேகப் பார்வை இளைஞர்கள்மீது படிவதும் மனித உரிமை அமைப்புகளின் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. ‘குற்றம் மிகுந்த பகுதி’ என்பது சாதி சொல்லாமல் சாதி சொல்லும் இன்னொரு தொடர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணிக்காகத் தங்கம் வென்ற கார்த்திகாவைத் தமிழ்நாடே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று கொண்டாடியது. ஓர் ஊர்ப்பெயரின் மீதான கறையைத் துடைக்க ஓர் இளம்பெண் பன்னாட்டுப் பதக்கம் வெல்ல வேண்டியிருந்தது. பதக்கம் வெல்லாதவர்களுக்கும் அந்த முகவரி மரியாதை தர வேண்டும்.

‘சுற்றுச்சுவர்’, ‘சைவம்’: தனியார் மொழி

அரசின் சொற்களைப் போலவே தனியாரின் சொற்களும் வேலை செய்கின்றன. கும்மிடிப்பூண்டி அருகே தோக்கமூரில் தலித் மக்களுக்கு எதிராக எழுப்பப்பட்டிருந்த சுவர் 2022இல் அதிகாரிகளால் இடிக்கப்பட்டது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் அருகே நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று அதிகாலை ஒரு சுவர் தலித் குடியிருப்பின்மீது சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். மக்கள் ‘தீண்டாமைச் சுவர்’ என்று சொல்வதை எதிர்த்தரப்பு ‘சுற்றுச்சுவர்’, ‘பாதுகாப்புச் சுவர்’ என்று சொல்கிறது. வழக்கின் முடிவு பெரும்பாலும் எந்தப் பெயர் கோப்பில் முதலில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நகரத்தில் சுவருக்குப் பதில் விளம்பரம். ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்று வாடகை அறிவிப்பு வருகிறது. சமையலறையின் தூய்மை பற்றிய விருப்பமாக அது முன்வைக்கப்படுகிறது. வடிகட்டப்படுவது சாதியும் மதமும். அரசமைப்பின் 15(2) பிரிவு கடைகளில் பாகுபாட்டைத் தடுக்கிறது. அங்கே ‘கடை’ என்னும் சொல் சேவை வழங்கும் அனைவரையும் குறிக்கும் விரிந்த பொருள் உடையது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் 2005இல் அதே நீதிமன்றம், ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களை ஒரு சமயத்தவராக மட்டும் வரையறுக்கலாம் என்று அனுமதித்திருந்தது. தனியார் வாடகைச் சந்தையில் சாதிப் பாகுபாட்டை நேரடியாகத் தடுக்கும் தனிச்சட்டம் இன்றுவரை நமக்கு இல்லை.

“இது வறுமைப் பிரச்சினை, சாதிப் பிரச்சினை அன்று”

இவ்வாதம் நல்லெண்ணம் கொண்டவர்களிடமிருந்தும் வருகிறது. ஏழைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள், குடிசைப்பகுதியில் எல்லோரும்தான் வாழ்கிறார்கள் என்பர். உண்மையே. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர மக்களில் பட்டியல் சாதியினர் சுமார் 12.6 விழுக்காடு, குடிசைப்பகுதி மக்களில் அவர்கள் 20.4 விழுக்காடு. திரினா விதயத்தில், காயத்ரி சிங் ஆகியோர் சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களின் வார்டு விவரங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரை, மக்கள் பிரிந்து வாழ்வதை வர்க்கத்தைவிடச் சாதியே அதிகம் தீர்மானிக்கிறது என்று காட்டியது. வசதி வந்த பின்னும் வீடு கிடைக்காத தலித் அரசு ஊழியரைக் கேட்டால் இதற்கு ஆய்வு தேவையில்லை என்பார்.

வறுமையின் மொழியில் பேசுவதே சில வேளைகளில் மறைமொழியின் பகுதியாகிவிடுகிறது. சாதி விழுக்காட்டைப் பதிவு செய்யாத மறுகுடியமர்வுத் திட்டம் பொதுவானதாகத் தோற்றமளிக்கும். கணக்கெடுக்காதபோது பாகுபாடு இல்லை என்று சொல்லிவிடலாம்.

சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்கத் தவறுகிறது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையிலுள்ள வலிமையான கருவி. நிலத்திலிருந்து வெளியேற்றுவது, பொது வழியையும் பொது வளங்களையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு ஆகியவற்றை அது குற்றமாக்குகிறது. தேர்வாய்கண்டிகை போன்ற மேய்ச்சல் நிலச் சிக்கலுக்கும் தோக்கமூர் போன்ற சுவருக்கும் பொருந்தும் பிரிவுகள் அவை. ஆனால் சொல்லைக் குறித்த அதன் பிரிவுகள், சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியதையும் பொதுப்பார்வையில் சாதி காரணமாக அவமதித்ததையும் தேடுகின்றன. ‘அந்த மாதிரி ஆட்கள் வந்தால் ஊர் அமைதி கெடும்’ என்று மேடையில் பேசுகிறவர் இந்த வலைக்கு வெளியே நிற்கிறார். குற்றவியல் சட்டம் தனிமனிதரின் நோக்கத்தைத் தேடுகிறது. மறைமொழி அந்த நோக்கத்தை மறைப்பதற்கென்றே உருவானது.

ஆகவே அரசின் முடிவை எதிர்க்கும்போது நாம் நிற்க வேண்டிய இடம் அரசமைப்புச் சட்டம். மூன்று தீர்ப்புகள் இங்கே உதவும்.

முதலாவது அமெரிக்காவுடையது, நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வழிகாட்டும். சிகாகோவின் புறநகரான ஆர்லிங்டன் ஹைட்ஸ், குறைந்த வருவாயினருக்கான குடியிருப்புக்கு அனுமதி மறுத்தது. 1977இல் அவ்வழக்கில் குடியிருப்புத் தரப்பு தோற்றது. பாதிப்பை மட்டும் காட்டினால் போதாது, நோக்கத்தையும் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். ஆயினும் நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்து எப்படி அறியலாம் என்று அது தந்த பட்டியல் இன்றும் பயன் தருகிறது: முடிவின் வரலாற்றுப் பின்னணி, நிகழ்வுகளின் வரிசை, வழக்கமான நடைமுறையிலிருந்து விலகல், கூட்டங்களில் பேசப்பட்டவை.

இரண்டாவது, 2021இல் லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வழங்கியது. இராணுவத்தில் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி குறித்த அத்தீர்ப்பு, மறைமுகப் பாகுபாடு என்னும் கருத்தை ஏற்றது. வெளித்தோற்றத்தில் பொதுவான அளவுகோல் ஒரு பிரிவினரை அளவுக்கு மிஞ்சிப் பாதித்தால், நோக்கத்தை நிரூபிக்காமலே அதைப் பாகுபாடாகக் கொள்ளலாம். ஆர்லிங்டன் ஹைட்ஸ் அடைத்த கதவை நிதிஷா திறந்திருக்கிறது.

மூன்றாவது, 2024 அக்டோபர் 3 அன்று வந்த சுகன்யா சாந்தா தீர்ப்பு. சிறை விதிகளில் இருந்த ‘பழக்கம்’, ‘ஏற்ற சாதி’ போன்ற சொற்களை ஆராய்ந்து, சாதி வெளிப்படையாகச் சொல்லப்படாத இடங்களிலும் அவ்விதிகள் சாதியையே செயல்படுத்துகின்றன என்று நீதிமன்றம் கண்டது. நமக்கு அதைவிட முக்கியமான பகுதி ஒன்று உண்டு. பாளையங்கோட்டைச் சிறையில் சாதி வாரியாகக் கைதிகளைப் பிரிப்பது மோதலைத் தவிர்க்கவே என்ற விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒழுங்கைக் காக்கச் சாதிப் பிரிவினையைப் பயன்படுத்த முடியாது என்றால், ‘சட்டம் ஒழுங்கு’ காரணத்தால் தலித் மனையை ஊருக்கு வெளியே தள்ளுவதும் முடியாது. வீட்டுமனை வழக்கு ஒவ்வொன்றிலும் இந்தப் பத்தி மேற்கோள் காட்டப்பட வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஒரு கிராமசபையிலோ கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ நீதிமன்றத்திலோ இத்தகைய சொல் ஒன்று எழுப்பப்படும்போது, பேசுகிறவரைச் சாதி வெறியர் என்று குற்றஞ்சாட்டுவதால் பயன் குறைவு. அவர் மறுப்பார், விவாதம் அவருடைய மனச்சான்றைப் பற்றியதாக மாறிவிடும். மாறாக இக்கேள்விகளை எழுத்தில் வைப்போம்.

ஒன்று: இதே காரணம் இவ்வட்டத்தில் வேறு எவருடைய நிலத்துக்கு, எந்த மனைப்பிரிவுக்கு, எந்த ஆலைக்குப் பயன்படுத்தப்பட்டது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அனுமதிப் பட்டியலைப் பெற்று இணைக்கலாம்.

இரண்டு: இந்த முடிவால் பாதிக்கப்படுவோரில் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடு? அரசிடம் எண்ணிக்கை இல்லை என்றால், எண்ணாமல் முடிவெடுத்ததே குறை என்று வாதிடலாம்.

மூன்று: வழக்கமான நடைமுறையிலிருந்து விலகல் உண்டா? அவசர வெளியேற்றம், அறிவிப்பின்மை, கிராமசபையில் வைக்காத தீர்மானம், திடீரென மாறிய வகைப்பாடு ஆகிய ஒவ்வொன்றும் சான்று.

நான்கு: பயனாளிகளின் தரப்பு கேட்கப்பட்டதா? சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், மனைப் பயனாளிகள் தங்கள் மனுவை ஆட்சியரிடமும் நில எடுப்பு அதிகாரியிடமும் அளித்து ஒப்புகை பெறலாம். கோப்பில் நம் மொழியும் இருக்க வேண்டும்.

அரசுக்கும் கோரிக்கைகள் உண்டு. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் விசாரணையில் பயனாளிகளுக்கும் அறிவிப்பு அளிக்க விதி வேண்டும். 1985க்குப் பின் நின்றுபோன குடிசைப்பகுதி அறிவிக்கைகள் மீண்டும் தொடங்க வேண்டும். ஒவ்வொரு மறுகுடியமர்வுத் திட்டமும் சாதிவாரித் தாக்க அறிக்கையோடு வர வேண்டும். வாடகையிலும் வீடு விற்பனையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வேண்டும்.

‘காலனி’ என்ற சொல்லைப் பலகையிலிருந்து அழிப்பது ஒரு நாள் வேலை. அந்தப் பலகை நடப்பட்ட நிலம் ஏன் ஊரின் கீழ்ப்புறம், ஏரியின் தாழ்வில், சுடுகாட்டின் வழியில் அமைந்தது என்ற கேள்விக்குப் பலகையில் பதில் இல்லை. வருவாய்த்துறைக் கோப்புகளில் இருக்கிறது. அக்கோப்புகளைத் திறந்து, அவற்றின் சாதுவான சொற்களை வரிவரியாக வாசிக்க நம் இளைஞர்கள் பழக வேண்டும். அடுத்த ஆட்சேபணை மனு வரும்போது அதற்கான மறுப்பு நம்மிடம் ஆயத்தமாக இருக்கட்டும்.